சொந்த ரத்தமே எமன் ஆகலாம்! பெற்ற பிள்ளைக்கு அப்பா ரத்தம் ஏற்றலாமா?

கோவை, ஜூன் 14-

பிள்ளைக்கு ரத்தம் ஏற்றவேண்டும் என்று டாக்டர் சொன்னதும், சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்து நிற்பவர் அப்பாதான். "என் உசிரையே எடுத்துக்குங்க டாக்டர், புள்ளை பொழைச்சாப் போதும்" என்பார்.

அந்த அப்பாவின் ரத்தமே பிள்ளையின் உயிரைக் குடித்துவிடக்கூடும் என்று சொன்னால் நம்ப முடிகிறதா?

நம்பித்தான் ஆகவேண்டும். இது மிகவும் அபூர்வமாக ஏற்படும் கோளாறு. ஆனால் ஏற்பட்டுவிட்டால் 10 பேரில் 9 பேருக்கு மேல் பிழைப்பது இல்லை. மருந்து, மாத்திரை, ஊசி எதற்கும் மசியாத கோளாறு இது. வராமல் தடுக்க மட்டும் சுலபமான வழி இருக்கிறது. அந்த வழிதான் நம் ஜனங்களில் பலருக்குத் தெரியாது.

இன்று உலக ரத்த தான தினம். ஏ, பி, ஓ என்று ரத்தத்தில் வகைகள் இருப்பதைக் கண்டுபிடித்த கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் 1868-ம் ஆண்டு பிறந்தது இதே ஜூன் 14-ந் தேதிதான். "குரூப் ஒத்துப்போச்சு, அப்புறம் என்ன?" என்று கேட்கிறார்களே, அவர்களுக்காகத்தான் இந்த விவரம்.

எட்டுப் பேர் ரெடி!

கோவை திருச்சி ரோட்டில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம், அன்னூர், சத்தி என்று நாலா பக்கத்தில் இருந்தும் ஜனங்கள் வருகிறார்கள். ஒரு குழந்தை ஆஸ்பத்திரியில் படுத்தால் ஒரு குடும்பம் மட்டும் வராது. பெரியப்பா, சித்தப்பா, மாமன், மச்சான் என்று ஒரு வேன் நிறைய வந்து இறங்கும்.

ரத்தம் என்ற பேச்சு எடுத்தால் போதும்.

"ஏனுங்க டாக்டரய்யா, பங்காளிக எட்டுப் பேரு வந்திருக்கறமுங்க. எம்பட ரத்தம் இருக்கறப்ப அடுத்தவன் ரத்தம் எதுக்குங்க?"

இது எந்த ஆஸ்பத்திரியிலும் கேட்கிற பேச்சுதான். நல்ல மனசோடு சொல்வது. அதில் குறை காண ஒன்றும் இல்லை.

இதற்குப் பின்னால் ஒரு பயமும் இருக்கிறது. வெளி ஆள் ரத்தத்தில் எய்ட்ஸ் இருக்குமோ, மஞ்சள் காமாலை இருக்குமோ என்ற பயம். அந்தக் காலத்தில் அது நியாயமான பயம். காசுக்கு ரத்தம் விற்கிறவர்கள் இருந்தார்கள். 1996-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு போட்ட உத்தரவுக்குப் பிறகு, 1998 ஜனவரி முதல் அந்த வியாபாரம் சட்ட விரோதம் ஆகிவிட்டது. இன்று ஒவ்வொரு பை ரத்தத்துக்கும் எச்.ஐ.வி., இரண்டு வகை மஞ்சள் காமாலை, மேகநோய், மலேரியா என்று 5 சோதனை செய்தாக வேண்டும். மாமன் ரத்தமாக இருந்தாலும் சரி, முன்பின் தெரியாதவர் ரத்தமாக இருந்தாலும் சரி, சோதனை ஒன்றுதான்.

ஆகவே நோய் பயத்துக்காகச் சொந்தக்காரர் ரத்தத்தைத் தேடவேண்டியது இல்லை. சொந்தக்காரர் ரத்தத்திலோ வேறு ஒரு வில்லங்கம் ஒளிந்து இருக்கிறது.

மில் கேட்டில் இரண்டு பாஸ்

அந்த வில்லங்கம் சிவப்பு அணுவில் இல்லை. கூடவே வரும் வெள்ளை அணுவில் இருக்கிறது. உடம்புக்குள் புகும் கிருமியை அடித்து விரட்டும் போலீஸ் வேலை பார்ப்பவை இந்த வெள்ளை அணுக்கள்.

ஒவ்வொரு மனிதனின் அணுவிலும் ஓர் அடையாளம் இருக்கிறது. டாக்டர்கள் இதை எச்.எல்.ஏ. என்கிறார்கள். அம்மாவிடம் இருந்து பாதி, அப்பாவிடம் இருந்து பாதி என்று ஆளுக்கு இரண்டு அடையாளம். மில் தொழிலாளியின் கேட் பாஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தையிடம் அப்பா கொடுத்த சிவப்பு பாஸ் ஒன்று, அம்மா கொடுத்த நீல பாஸ் ஒன்று. அப்பாவிடம் இருப்பது சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று. அப்பாவின் ரத்தத்தைக் குழந்தைக்கு ஏற்றினால் என்ன ஆகும்? கேட்டில் நிற்கும் வாட்ச்மேன், அதாவது குழந்தையின் எதிர்ப்பு சக்தி, பச்சை பாசைப் பார்த்ததும் "நீ நம்ம மில் ஆள் இல்லையே" என்று கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். அந்நிய வெள்ளை அணுக்கள் சில நாட்களில் தீர்ந்து போகும். சாதாரணமாக நடப்பது இதுதான்.

சில பேரிடம் மட்டும் இரண்டு பாசும் ஒரே நிறமாக இருக்கும். சிவப்பு, சிவப்பு. அப்படிப்பட்ட அப்பாவின் ரத்தம் உள்ளே வந்தால் வாட்ச்மேன் சிவப்பைப் பார்ப்பார். குழந்தையிடமும் சிவப்பு இருக்கிறது. "அட, நம்ம ஆளுதான்" என்று கதவைத் திறந்து விட்டுவிடுவார்.

உள்ளே போன ஆள் சும்மா இருப்பாரா? குழந்தையின் உடம்பு முழுக்க நீல பாஸ் தெரிகிறது. அது அவருக்கு அந்நியம். அடிக்க ஆரம்பித்துவிடுவார். அப்பாவின் அணுக்கள் பிள்ளையின் உடம்பை எதிரியாக நினைத்துத் தாக்கும். தடுக்க ஆள் இல்லாததால் ஒன்று இரண்டாகி, இரண்டு நூறாகி, உடம்பெங்கும் பெருகிவிடும்.

ஜி.வி.எச்.டி. என்று டாக்டர்கள் சுருக்கமாகச் சொல்லும் கோளாறு இதுதான். வந்த விருந்தாளி வீட்டுக்காரனையே அடித்து விரட்டுவது என்று அதற்கு அர்த்தம் சொல்லலாம்.

காய்ச்சலா? அலர்ஜியா?

ரத்தம் ஏற்றிய அன்று ஒன்றும் தெரியாது. குழந்தை தெம்பாக இருக்கும். வீட்டுக்குக்கூட அனுப்பி இருப்பார்கள்.

பெரும்பாலும் ஒரு வாரம், 10 நாள் கழித்துக் காய்ச்சல் அடிக்கும். பிறகு உடம்பில் சிவப்பு சிவப்பாகத் தடிப்பு. உள்ளங்கை, உள்ளங்காலிலும் வரும். அப்புறம் தண்ணீராக வயிற்றுப்போக்கு. கண் மஞ்சளாகும். ஈரல் கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

கடைசியாக எலும்பு மஜ்ஜைக்குள் புகுந்து, ரத்தம் உற்பத்தி ஆகும் இடத்தையே சூறையாடிவிடும். வெள்ளை அணு விழும். தட்டணு விழும். கிருமி தாக்கினால் எதிர்க்க ஆள் இல்லை. ரத்தம் கசிந்தால் உறையவும் வழி இல்லை. ரத்தம் ஏற்றிய 3, 4 வாரத்துக்குள் கதை முடிந்துவிடும்.

இதில் வேதனை என்னவென்றால், நோயின் பெயர்கூடத் தெரியாமலே குழந்தை போய்விடக்கூடும். காய்ச்சல், தடிப்பு, தட்டணு குறைவு என்றால் நம் ஊரில் முதலில் நினைப்பது டெங்குவைத்தான். இல்லாவிட்டால் "மருந்து ஒத்துக்கலை" என்பார்கள். 10 நாளைக்கு முன்பு ஏற்றிய ஒரு பை ரத்தம் யாருக்கு ஞாபகம் வரும்? கேட்டால் "அது அவங்கப்பா ரத்தமுங்க, சுத்தமான ரத்தம்" என்று பதில் வரும்.

ஜப்பானில் விடுபட்ட மர்மம்

இதே குழப்பத்தில் ஒரு நாடே 30 ஆண்டுகள் தவித்தது. அந்த நாடு ஜப்பான்.

அங்கே ஆபரேஷன் முடிந்து நல்லபடியாகத் தேறிக்கொண்டு இருந்த நோயாளிகளில் சிலருக்கு, திடீரென்று உடம்பெல்லாம் சிவந்து, காய்ச்சல் அடித்து, சில நாட்களில் உயிர் பிரிந்தது. 1955-ம் ஆண்டே ஷிமோடா என்ற டாக்டர் இதைப் பற்றி எழுதினார். ஆபரேஷனுக்குப் பிந்தைய சிவப்பு நோய் என்று பெயரும் வைத்தார்கள். காரணம்தான் பிடிபடவில்லை. மருந்து அலர்ஜி என்றுதான் பல பேர் நினைத்துக்கொண்டு இருந்தார்கள்.

1980-களில் மர்மம் விடுபட்டது. நோயாளியின் உடம்பில் ஓடிய வெள்ளை அணுக்களைப் பரிசோதித்தார்கள். பார்த்தால், அவை நோயாளியின் அணுக்களே அல்ல! ரத்தம் கொடுத்தவரின் அணுக்கள்!

ஜப்பானில் இருதய ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ 660 பேருக்கு ஒருவர் இப்படிப் பாதிக்கப்பட்டது கணக்கெடுப்பில் தெரிய வந்தது. அங்கே மட்டும் இவ்வளவு ஏன்? இரண்டு காரணம். ஒன்று, அந்த நாட்டு ஜனங்களிடம் "பாஸ்" வகைகள் குறைவு. ஒரே மாதிரி அடையாளம் அடிக்கடி மாட்டும். இரண்டாவது, ஆபரேஷனுக்குச் சொந்தக்காரர்களை வரவழைத்து அன்றைக்கு எடுத்த ரத்தத்தைச் சுடச்சுட ஏற்றும் வழக்கம் இருந்தது.

இந்த "சுடச்சுட" என்பதுதான் முக்கியம். ரத்தம் குளிர்பெட்டியில் இருக்க இருக்க, அதில் உள்ள வெள்ளை அணுக்கள் பலம் இழந்துவிடும். 2015-ம் ஆண்டு கனடா நாட்டு டாக்டர்கள் உலகம் முழுவதும் எழுதி வைக்கப்பட்ட 348 கேஸ்களைத் திரட்டி ஆராய்ந்தார்கள். மிகப் பெரும்பாலானவற்றில் ஏற்றப்பட்டது 10 நாளுக்கு உட்பட்ட ரத்தம். இன்னொரு திடுக்கிடும் விஷயம், பாதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் எதிர்ப்பு சக்திக் குறைவு எதுவும் இல்லாத சாதாரண ஆட்கள்.

"ஃபிரெஷ் பிளட் போடுங்க டாக்டர்" என்று நம் ஊரிலும் அடம் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். காய்கறி மார்க்கெட்டில் கேட்கிற கேள்வியை ரத்த வங்கியில் கேட்கக்கூடாது.

அக்கா மகள், மாமன் மகள்

சரி, இது ஜப்பான் சமாச்சாரம். கொங்கு நாட்டுக்கு இதில் என்ன?

தமிழ்நாட்டில் 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, கல்யாணம் ஆன பெண்களில் 100-க்கு 28 பேர் சொந்தத்திலேயே கட்டிக்கொண்டவர்கள். மாமன் மகள், அத்தை மகள், சில சமூகங்களில் அக்கா மகள். காட்டைப் பிரிக்காமல் இருக்க, உறவு விட்டுப் போகாமல் இருக்க என்று அதற்கு நூறு காரணம் உண்டு. அது சரியா, தப்பா என்பது இங்கே பேச்சு இல்லை. ரத்தம் கொடுக்கும்போது அது எப்படிக் குறுக்கே வருகிறது என்பதுதான் பேச்சு.

ஒரே பாட்டனின் வாரிசுகள் கட்டிக்கொண்டால், அந்தப் பாட்டனின் பாஸ் அம்மா வழியாகவும் வரும், அப்பா வழியாகவும் வரும். பிறக்கும் குழந்தைக்கு இரண்டு பாசும் ஒரே நிறமாக அமையும் வாய்ப்பு கூடும்.

தாத்தா, பாட்டி சொந்தத்தில் கட்டியவர்கள் என்றால், அவர்களுடைய மகன் சிவப்பு-சிவப்பாக இருக்கலாம். அவர் தன் பிள்ளைக்கு ரத்தம் கொடுத்தால் ஆபத்து. அப்பா, அம்மாவே சொந்தம் என்றால், பிள்ளைகளில் ஒருவன் சிவப்பு-சிவப்பாக இருக்கலாம். அவன் தன் தம்பி தங்கைக்கு ரத்தம் கொடுத்தால் ஆபத்து. நெருங்கிய சொந்தத்தில் யாரிடமும் இந்த வாய்ப்பு வெளி ஆளைவிட அதிகம்.

சொந்தக் கல்யாணமே இல்லாத குடும்பத்திலும் தற்செயலாக இப்படி அமைவது உண்டு. அதனால்தான் "எங்கூட்டுல அப்படியெல்லாம் இல்லீங்க" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ரத்த உறவு என்றாலே ஜாக்கிரதை என்பது உலகம் முழுக்க ரத்த வங்கிகளில் உள்ள விதி.

பிறவியிலேயே எதிர்ப்பு சக்தி இல்லாத குழந்தைகள் கதை இன்னும் பரிதாபம். அவர்களுக்கு வாட்ச்மேனே கிடையாது. யார் ரத்தமானாலும் உள்ளே புகுந்துவிடும். இந்தப் பிறவிக் குறை சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில்தான் அதிகம். தாயின் வயிற்றுக்குள் இருக்கும்போதே ரத்தம் ஏற்றப்பட்ட சிசு, மஞ்சள் காமாலைக்காக ரத்தம் மாற்றப்படும் பச்சிளம் குழந்தை, எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் போகும் குழந்தை, சிலவகைப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கும் குழந்தை - இவர்களும் அந்தப் பட்டியலில் வருகிறார்கள்.

ஐந்து நிமிஷ வைத்தியம்

தடுக்கும் வழி என்ன? ரத்தப் பையைக் கதிர்வீச்சில் காட்டவேண்டும். அவ்வளவுதான்.

கனத்த ஈயச் சுவர் உள்ள ஒரு எந்திரம். உள்ளே சீசியம் என்ற கதிர்வீச்சுப் பொருள் இருக்கும். எக்ஸ்ரே கதிரில் ஓடும் எந்திரமும் உண்டு. பையை உள்ளே வைத்து மூடினால் சில நிமிஷங்களில் வேலை முடிந்தது. 25 கிரே என்பது அளவு. வெள்ளை அணு பெருக முடியாதபடி மலடாகிவிடும். சிவப்பு அணு, தட்டணு தங்கள் வேலையைப் பார்க்கும்.

மும்பையில் உள்ள அணுசக்தித் துறையின் பிரிட் நிறுவனமே இந்த எந்திரத்தைத் தயாரித்து இருக்கிறது. ஆனால் எல்லா ரத்த வங்கியிலும் இது கிடையாது. புற்றுநோய், மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கும் பெரிய இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும்.

"கதிர் பட்ட ரத்தத்தை ஏத்துனா குழந்தைக்கு கேன்சர் வராதுங்களா?" என்று பயப்பட வேண்டாம். ரத்தத்தில் கதிர்வீச்சு தங்காது. எக்ஸ்ரே எடுத்த கை, இருட்டில் மின்னுகிறதா என்ன?

வெள்ளை அணுவை வடிகட்டும் ஃபில்டர் போட்டால் போதாதா என்றால், போதாது. நூற்றுக்கு நூறு வடிகட்ட ஃபில்டரால் முடியாது. உறையவைத்த பிளாஸ்மாவுக்கு மட்டும் இந்தக் கதிர்வீச்சு தேவை இல்லை.

1998-ல் ஜப்பான் செஞ்சிலுவைச் சங்கம் ரத்தத்தைக் கதிர்வீச்சில் காட்டியே கொடுக்க ஆரம்பித்தது. 2000-ம் ஆண்டுக்குப் பிறகு அங்கே இந்தச் சாவு ஒன்றுகூட உறுதி செய்யப்படவில்லை. அரை நூற்றாண்டு ஆட்டிவைத்த எமன், பெட்டி ஒன்றுக்குப் பயந்து ஓடிவிட்டான்!

இன்னும் இரண்டு வம்பு

தலசீமியா குழந்தைகளுக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டி இருக்கிறது. இவர்களைப் பூரணமாகக் குணப்படுத்த எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் 1986-ம் ஆண்டு முதலே நடக்கிறது. மஜ்ஜை கொடுக்க முதலில் பார்ப்பது கூடப்பிறந்தவரைத்தான். அந்த அண்ணன், அக்காவின் ரத்தத்தையே முன்கூட்டி ஏற்றி இருந்தால், குழந்தையின் உடம்பு அவர்களை எதிரியாகப் பழகி வைத்துக்கொண்டு, பிறகு மஜ்ஜையை ஏற்க மறுத்துவிடக்கூடும். நாளைக்கு உயிர் கொடுக்க வேண்டியவரை இன்றைக்கே செலவழித்துவிடுகிற கதை.

பச்சிளம் குழந்தைக்கு வேறு வம்பு. கர்ப்ப காலத்தில் அம்மாவின் உடம்பு அப்பாவின் அடையாளத்துக்கு எதிராக ஆயுதம் தயாரித்து வைத்து இருக்கலாம். அந்த ஆயுதம் தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்கும் போய் இருக்கும். அப்பா ரத்தத்தை ஏற்றினால் அது உடைபடும். அம்மா ரத்தத்தை அப்படியே ஏற்றினால், அதில் உள்ள ஆயுதம் குழந்தையைத் தாக்கும். நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறலும் வரலாம்.

சொந்தக்காரரைத் தேடித்தான் ஆகவேண்டும் என்ற நிலையும் ஒன்று உண்டு. அது பம்பாய் குரூப். 1952-ல் டாக்டர் ஒய்.எம்.பெண்டே குழுவினர் பம்பாயில் கண்டுபிடித்த அபூர்வ வகை. இந்தியாவில் சுமார் 10 ஆயிரம் பேருக்கு ஒருவரிடம் இருக்கும் என்பார்கள். சாதாரணச் சோதனையில் ஓ குரூப் மாதிரியே தெரியும். ஓ ரத்தத்தை ஏற்றினாலோ ஆபத்து. அந்தக் குழந்தைக்குக் கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது அதே வகை இருக்கிறதா என்று ஓடித்தான் ஆகவேண்டும். அப்போதும் அந்தப் பையைக் கதிர்வீச்சில் காட்டிவிட்டே ஏற்றவேண்டும்.

என்ன கேட்க வேண்டும்?

ஆஸ்பத்திரியில் "டோனர் கூட்டிட்டு வாங்க" என்றால் பயப்பட வேண்டாம். தாராளமாகக் கொடுங்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "ஏனுங்க, எங்க ரத்தம் பேங்குக்குப் போகுதுங்களா, இல்லை எங்க குழந்தைக்கே ஏத்தறீங்களா?"

பேங்குக்கு என்றால் பிரச்சினையே இல்லை. பொள்ளாச்சி மாமன் கொடுத்த ரத்தம் திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளியின் மகளுக்குப் போகும். முகம் தெரியாத காலேஜ் பையன் முகாமில் கொடுத்த ரத்தம் பொள்ளாச்சிக் குழந்தைக்கு வரும்.

குழந்தைக்கே என்றால், கொடுப்பவர் என்ன உறவு என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும். "ஃபிரெண்டு" என்று ஃபாரத்தில் எழுதிவிட்டு மச்சானைப் படுக்கவைக்கிற வேலை கூடாது. கதிர்வீச்சில் காட்டிய ரத்தமா என்று கேட்கவேண்டும். அந்த வசதி அங்கே இல்லை என்றால், வெளி ஆள் ரத்தத்தையே கேட்டு வாங்கவேண்டும். ரத்தம் ஏற்றி ஒரு மாதத்துக்குள் காய்ச்சலோ தடிப்போ வந்தால், எந்த டாக்டரிடம் போனாலும் "இத்தனாந் தேதி ரத்தம் ஏத்துனோம், இன்னார் ரத்தம்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லவேண்டும்.

கதிர்வீச்சில் காட்டும் பையின் மேல் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். எந்திரத்துக்குள் போகும்முன் அதில் "நாட் இர்ரேடியேட்டட்" என்று இங்கிலீஷில் எழுதி இருக்கும். கதிர் பட்டு வெளியே வரும்போது "நாட்" என்ற எழுத்து மறைந்து போய் இருக்கும். பை குழந்தையின் கட்டிலுக்கு வந்ததும் நர்சம்மாவிடம் கேட்டால் அந்த ஸ்டிக்கரைக் காட்டுவார்.